நம் கூரையைத் தீர்மானிப்பது யார்?

கார்த்திகை பிறந்தால் வாடைக்காற்று கிளம்பும் என்பதை நம் கரையோரக் குழந்தையும் அறியும். வங்கக் கடலில் தாழமுக்கம் உருவானால் அடுத்த செய்தி மட்டக்களப்பிலிருந்தோ, திருகோணமலையிலிருந்தோ, முல்லைத்தீவிலிருந்தோ வரும் என்பதை வயலில் நிற்கும் உழவனும் அறிவான். அறியாதவர் போல் நடிப்பவர்கள், கொழும்பிலே கூடியிருந்து நமக்கு வீட்டுத்திட்டம் வரைபவர்கள் மட்டுமே.

1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை மறந்தவர் உண்டோ? ஏறத்தாழ ஆயிரம் உயிர்கள் மாண்டன. இரண்டரை இலட்சம் வீடுகள் வரை சேதமுற்றன. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அவ்வழிவின் பின்னரே அரசாங்கம் விழித்தது. பெருங்காற்றைத் தாங்கும் கட்டடங்களுக்கென 1980 இல் ஒரு கைந்நூலை வெளியிட்டது. அந்நூல் நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்து, கிழக்குக் கரையோரத்தை முதலாம் வலயத்தில் வைத்தது. அங்கே சாதாரண கட்டடமொன்று செக்கனுக்கு 49 மீற்றர் வேகக் காற்றைத் தாங்க வேண்டும். கொழும்பு அடங்கிய மூன்றாம் வலயத்திலோ 33 மீற்றர் போதும் என்றது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. ஆகவே கொழும்புக் கூரை தாங்க வேண்டியதிலும் இரு மடங்குக்கு மேற்பட்ட விசையை நம் கிழக்குக் கரைக் கூரை தாங்க வேண்டும். இது நாம் புனைந்த கணக்கன்று. அரசாங்கத்தின் சொந்தக் கணக்கு.

நாம் கேட்கிறோம்: இக்கணக்கு நம் கிராமத்து மேசனின் கைக்கு எப்போதாவது வந்ததா? தச்சனுக்கு அவன் மொழியில் எடுத்துச் சொல்லப்பட்டதா? வீட்டு வரைபடத்துக்கு முத்திரை குத்தும் வேளையில், கூரை சுவரோடு எவ்வாறு பிணைக்கப்படும் என்று வினவிய பிரதேச சபைகள் எத்தனை? அலுமாரியில் உறங்கும் நூல் எவருடைய கூரையையும் பிடித்து வைக்காது.

காற்றுக் கூரையை மேலிருந்து அமுக்கி உடைக்கிறது என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மை நேர்மாறானது. சரிவு குறைந்த கூரையின் மீது பாயும் காற்று அதனை மேல்நோக்கி உறிஞ்சி இழுக்கிறது. உடைந்த கதவாலும் யன்னலாலும் புகுந்த காற்று உள்ளிருந்து தள்ளுகிறது. தகடு சிலாகையோடும், சிலாகை கைமரத்தோடும், கைமரம் சுவரின் தலையிற் கிடக்கும் மரத்தோடும், அம்மரம் சுவரைச் சுற்றிய கொங்கிறீற்றுப் பட்டியோடும் இரும்பாற் பிணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே வீடு நிற்கும். ஓரிடத்தில் பிணைப்பு விட்டாற் கூரை போகும்; கூரை போனபின் சுவர் நில்லாது. ஏறத்தாழ 30 பாகைச் சரிவும், நாற்புறமும் சாய்ந்த அமைப்பும் காற்றுக்கு இடங்கொடா. விறாந்தைக் கூரையைத் தனியாகப் போட்டால், அது பறந்தாலும் தாய்க்கூரை தப்பும். முகட்டிலும் ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு மிகுதியாதலால் அங்கே ஆணிகள் நெருங்க வேண்டும். ஓட்டு வீடாயின் அங்குள்ள ஓடுகளைக் கம்பியாற் கட்ட வேண்டும்.

புயல் என்றோ ஒரு நாள் வரும் பகைவன். உப்புக்காற்றோ நாள்தோறும் அரிக்கும் பகைவன். வெறும் நாகம் பூசிய தகரம் ஆணித் துளையிலிருந்தே துருவேறும். அலுமினியமும் நாகமும் கலந்து பூசிய தகடு நீடிக்கும். எனினும் அதனைச் சாதாரண இரும்பாணியால் அறைந்தாலும், ஈரச் சீமெந்துச் சாந்தைப் பூசி மூடினாலும் அதன் ஆயுள் குறுகும். சுட்ட மண் ஓட்டுக்குத் துரு இல்லை, வெப்பமும் குறைவு. வைரமேறிய பனங்கைமரத்தின் மீது ஓடு வேய்ந்த நம் முன்னோர் உப்பையும் ஈரத்தையும் அறிந்தே வேய்ந்தனர்.

அந்த அறிவுக்கு ஆட்சியாளர் அளித்த மதிப்பு யாது? 2009 இன் பின் மீள்குடியேறியோருக்கு முதலில் எறியப்பட்டவை சில தகரங்களே. 2015 இலோ, வடக்குக் கிழக்கில் 65,000 உருக்கு வீடுகளை நிறுவப் போவதாக ஒரு திட்டம் வந்தது. வீடொன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா! அத்தொகையில் இரண்டு கல்வீடுகள் கட்டலாம் என்றும், நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் உருக்கு ஒவ்வாது என்றும் நம்மவர் எடுத்துரைத்தனர். எதிர்ப்பு வலுத்தது, திட்டம் வீழ்ந்தது. பேசினாற் பயனுண்டு என்பதற்கு அதுவே சான்று.

இன்னொன்றில் நம் குரல் எழவே இல்லை. எவ்வகை அஸ்பெஸ்ரசும் புற்றுநோய் விளைக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தீர்ப்பு. அதன் தூசு நெஞ்சில் புகுந்து இருபது, முப்பது ஆண்டுகளின் பின்னரும் உயிரை வாங்கும். புயலில் நொறுங்கும் சீற்றின் சிதறல்களை வெறுங்கையால் அள்ளுபவர் ஏழை உழவரே. 2018 தொடக்கத்தில் அதன் இறக்குமதியைத் தடை செய்வதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகக் கூறி ரஷ்யா நம் நாட்டுத் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்ரசை விற்கும் நாடும் அதுவே. அவ்வளவுதான், தடை கைவிடப்பட்டது. ஒரு வண்டின் விலைக்கு மக்களின் நுரையீரல் விற்கப்பட்டது!

பிறரை மட்டும் சாடி நம்மவர் தப்பிவிட முடியாது. வாயிற் படலைக்கும் சுவர்ப் பூச்சுக்கும் இலட்சங்களைக் கொட்டுவோர், கூரையைப் பிணைக்கும் இரும்புப் பட்டிக்குச் சில ஆயிரம் கேட்டால் முகஞ் சுளிக்கின்றனர். கழுவாத கடல்மணலாற் கொங்கிறீற்று வார்த்து, உள்ளே கம்பி துருவேறி வெடித்தபின் விதியை நோகின்றனர். பொறியியல் கற்ற நம் இளைஞர் பிற நாடுகளின் கட்டடங்களைக் காக்கின்றனர். சொந்த ஊர்த் தச்சனோடு ஒரு நாள் அமர்ந்து பேச அவர்களுக்கு நேரமில்லை.

2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக் கரையிலேறியது. 2025 நவம்பரில் டித்வா வெள்ளத்தாலும் மண்சரிவாலும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதன் பின் எங்கும் மீளக் கட்டும் பேச்சே எழுந்தது. இவ்வேளையில் நாம் கேட்பவை சலுகைகள் அல்ல. வீட்டு மானியத்தில் கூரைப் பிணைப்பின் செலவைத் தனியாகச் சேர்த்துக் கொடுங்கள். 1980 இன் கைந்நூலைக் காலத்துக்கேற்பத் திருத்தி, தெளிந்த தமிழில் ஒவ்வொரு பிரதேச சபைக்கும் அனுப்புங்கள். அஸ்பெஸ்ரசுக்கு முடிவு நாள் குறியுங்கள்; ஏழைக்கு மாற்றுக் கூரை தந்து அதன்பின் தடுங்கள். போரில் மூடுண்ட ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலை போன்றவை நம் மண்ணில் நம் ஓட்டைச் சுடட்டும்.

தமிழ் மக்களே! மாரி வருமுன் உங்கள் கூரையை அண்ணாந்து பாருங்கள். ஆணியை எண்ணுங்கள், பிணைப்பை அசைத்துப் பாருங்கள். பின்னர் உங்கள் பிரதிநிதியின் வாசலுக்குச் சென்று கேளுங்கள். கூரையின் கீழ் உறங்குபவனுக்கே கூரையைத் தீர்மானிக்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையை எவரிடமும் நாம் இரந்து நிற்கப் போவதில்லை.