கோப்பி மலையிலிருந்து ஓர் ஏலத்தைப் பார்க்கையில்

கடுகண்ணாவை ஏற்றத்தில் பாறையைக் குடைந்த பழைய வீதியும், மலையைச் சுற்றி வளைந்தேறும் ரயில் பாதையும் ஒரு காலத்துப் பெருநம்பிக்கையின் எச்சங்கள். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. மனிதரை ஏற்றுவதைவிடக் கோப்பியை இறக்குவதே அதன் முதல் நோக்கம். துரைமார் கடன்பட்டுக் காடழித்து, உள்ளதையெல்லாம் அந்த ஒரே பயிரின்மீது வைத்திருந்தார்கள். இரண்டே ஆண்டில், 1869இல், இலைத்துரு நோய் வந்தது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியும் சரிந்தது. கூலி நிலுவையோடு மலையை விட்டு இறங்கியவர்கள் நம் முன்னோர். ஆகவே அந்தக் கணக்கு இன்றும் நம்முடையது. ஆனால் ரயில் வந்த அதே 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் வெறும் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பிற்பாடு மலைக்குச் சோறு போட்டது அந்தச் சிறு துண்டு நிலம் காட்டிய வழிதான்.

எல்லாவற்றையும் ஒன்றின்மீதே வைக்கும் அந்தப் பழக்கம் இன்று கிரிக்கெட்டிலும் தெரிகிறது. லங்கா பிரிமியர் லீக் வீரர் ஏலம் நெருங்கும்போதெல்லாம், பெரிய பெயர் ஒன்றைக் கண்டி அணி என்ன விலை கொடுத்தாவது பிடிக்க வேண்டும் என்ற குரல் எழுகிறது. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. 2024 ஏலத்தில் நம்மூர்ப் பிள்ளை மதீஷ பத்திரன 1,20,000 டொலருக்குக் கொழும்பு அணிக்குப் போனபோது எனக்கும் வலித்தது. ஆயினும் அந்த ஆண்டுக் கிண்ணம் யாழ்ப்பாணத்துக்கே போனது. அதற்கு முந்திய 2023இல் டில்ஷான் மதுஷங்கவுக்கு 92,000 டொலர் என்ற உச்ச விலையைக் கொடுத்தது யாழ்ப்பாணம். கிண்ணம் தூக்கியது கண்டி. கடல் கடந்தும் கதை இதுவே. அமெரிக்கக் கால்பந்தில் 1999ஆம் ஆண்டு வீரர் தெரிவின்போது நியூ ஓர்லியன்ஸ் அணி, ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒருவருக்காக அவ்வாண்டின் எஞ்சிய தெரிவு வாய்ப்புகள் அனைத்தையும், மறு ஆண்டின் முதற்சுற்று வாய்ப்பையும்கூடக் கொடுத்தது. அந்தப் பருவத்தின் 16 ஆட்டங்களில் அது வென்றவை மூன்று.

பத்திரனவின் கதையிலேயே மற்றொரு பக்கம் இருக்கிறது. 2022இல் காயமடைந்த அடம் மில்னுக்குப் பதிலாக அவரை ஐ.பி.எல். போட்டியின் சென்னை அணி வெறும் 20 இலட்சம் இந்திய ரூபாய்க்கு அழைத்துக்கொண்டது; 2025க்கு அவரைத் தக்கவைக்க அதே அணி 13 கோடி கொடுத்தது. திரித்துவக் கல்லூரி மைதானத்தில் பந்து வீசிய இளைஞனை யாரோ பொறுமையாகக் கவனித்திருந்தார்கள். கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் முரளிதரனையும் முன்பு அப்படித்தான் கவனித்தார்கள்.

அடுத்த ஏலத்தில் கண்டி ஒரே பெயருக்காகப் பையைக் கவிழ்க்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பேராதனை, கம்பளை, கடுகண்ணாவைப் பக்கத்துப் பாடசாலை மைதானங்களுக்கு அனுப்புங்கள். அங்கே பந்து வீசும் பிள்ளைகளை இப்போதே போய்ப் பாருங்கள்.