யானைக்கு நோகாத தந்தம்

கருமரத்தில் கடைந்த குங்குமச் சிமிழுக்கு, மூடியின் உச்சியில் வெள்ளையாக ஒரு குமிழ் இருந்தால்தான் களை. நெற்றிக்குப் பொட்டு வைத்த மாதிரி. அந்தக் காலத்தில் அந்தக் குமிழைத் தந்தத்தில் வைத்தார்கள். அவ்வளவு வசதி இல்லாதவர்கள் எலும்பில் வைத்தார்கள். இன்று தந்தத்தை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. எலும்பு என்றாலோ, சாமி அலமாரியில் வைக்கிற சிமிழுக்கு நம்மில் பலருக்கு மனசு ஒப்பாது. அப்படியானால் வெள்ளைக்கு எங்கே போவது?

எங்கள் வீட்டில் கடைவது அவர். சாமான் தேடிக் கொடுப்பது நான். சின்ன லேத் ஒன்றை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சிமிழ், பம்பரம், மத்து என்று ஏதாவது கடைந்துகொண்டிருப்பார். ஒரு குமிழுக்கு வேண்டியது சுண்டுவிரல் பருமனில் இரண்டு சென்டிமீட்டர் துண்டு, அவ்வளவுதான். இந்தத் துணுக்குக்காக முழுப் பலகை வாங்கினால் கட்டுப்படியாகுமா? நாம் தினமும் புழங்குகிற இடங்களிலேயே இது கிடைக்கிறது, சகோதரிகளே. பார்க்கத் தெரிய வேண்டும்.

தந்தம் மட்டும் வேண்டாம்

முதலில் ஒரு விஷயம். "பாட்டி காலத்துத் தந்த வளையல் உடைந்து கிடக்கிறது, அதைக் கடைந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-இல் செய்த திருத்தம் நம் நாட்டுத் தந்தத்தின் வியாபாரத்தை நிறுத்தியது. 1991-இல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் அதே தடை வந்தது. வாங்குவதும் குற்றம், விற்பதும் குற்றம். பழைய சாமான் இருந்தால் அப்படியே வைத்துவிட்டு, என்ன செய்யலாம் என்று வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

பழைய சாமான் கடையில் வாங்கும்போதும் கவனம் வேண்டும். வெட்டுமுகத்தில் வலை பின்னியது போல ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது தந்தம், கீழே வைத்துவிடுங்கள். பொடிப் பொடியாகக் கரும்புள்ளிகள் தெரிந்தால் எலும்பு. எதுவுமே இல்லாமல் வழவழவென்று இருந்தால் பெரும்பாலும் செயற்கைப் பொருள்.

எங்கே கிடைக்கும்?

நவீன சமையலறை அமைப்பவர்கள் மேடைக்கு 'கோரியன்' போன்ற செயற்கைப் பலகை போடுகிறார்கள். அக்ரிலிக்கும் கனிமப் பொடியும் சேர்ந்த சாமான். கனம் 12 மில்லிமீட்டர். தொட்டிக்காக நடுவில் வெட்டி எடுக்கிற துண்டு பெரும்பாலும் வீணாகத்தான் போகிறது. பக்கத்தில் எங்காவது வேலை நடந்தால் கேட்டுப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று இருப்பதைவிடப் பாலாடை நிறம்தான் எலும்பு மாதிரி இருக்கும். இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் நல்ல உயரமான குமிழ் ஒன்று தேறும்.

பெயர்ப்பலகை செய்யும் கடையில் அக்ரிலிக் தகட்டு வெட்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும். 10 மில்லிமீட்டர் கனத்தில் இருப்பதைப் பொறுக்குங்கள். வீட்டிலேயே தேடினால், கம்பளி பின்னும் தடித்த பிளாஸ்டிக் ஊசி, பழைய கோட்டுப் பொத்தான் இரண்டும் ஆகும். காய் நறுக்கும் வெள்ளைப் பலகை மட்டும் ஆகாது. அது மெழுகு மாதிரி மிருது. பளபளப்பும் வராது, பசையும் பிடிக்காது.

இயற்கையாகவே வேண்டும் என்பவர்களுக்குத் தாளிப்பனை விதை இருக்கிறது. அந்த மரம் ஆயுளில் ஒரே ஒரு தடவை பூத்துக் காய்த்துவிட்டுப் பட்டுப் போகும். அதன் விதை காய்ந்தால் கல் மாதிரி. அதில் மணியும் பொத்தானும் கடைந்திருக்கிறார்கள். தென் அமெரிக்காவில் 'டாகுவா' என்றொரு பனையின் விதையை 'தாவரத் தந்தம்' என்றே சொல்கிறார்கள். இந்த விதைகள் சாயம் பிடிக்கும். ஆனால் தண்ணீரில் ஊறினால் இளகும். சிமிழைக் கழுவாமல் துணியால் துடைத்தாலே போதும்.

பாலிலும் தந்தம்

கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பாலைத் திரித்தும் போலித் தந்தம் செய்திருக்கிறார்கள்! 1890-களின் கடைசியில் ஜெர்மனியில் கண்டுபிடித்தது. பெயர் 'காலலித்', கிரேக்க மொழியில் பால், கல் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்த பெயர். பாலில் உள்ள கேசீன் சத்தைப் பிரித்து, அழுத்தி, ஃபார்மலினில் வாரக்கணக்கில் ஊறப்போட்டுக் கெட்டியாக்கினார்கள். பொத்தான், பேனா, பின்னல் ஊசி எல்லாம் அதில் வந்தன.

நாமும் விளையாட்டாகச் செய்து பார்க்கலாம். ஒரு டம்ளர் சூடான பாலில் நாலு டீஸ்பூன் வினிகர் விட்டால் திரியும். வடிகட்டி, ஒட்டப் பிழிந்து, பிசைந்து, மணியாக உருட்டி இரண்டு மூன்று நாள் உலர விடுங்கள். குழந்தைகளோடு சேர்ந்து செய்ய நல்ல பொழுதுபோக்கு. ஆனால் லேத்தில் கொடுத்தால் விண்டு போகும். ஈரம் பட்டால் ஊறிப் பூசணம் பிடிக்கும். கெட்டியாக்குகிறேன் என்று ஃபார்மலினை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள். அது விஷம்.

சூட வாசனை வந்தால் ஜாக்கிரதை

1860-களில் அமெரிக்காவில் பில்லியர்ட்ஸ் பந்துக்குத் தந்தம் போதாமல், மாற்றுப் பொருளுக்கு 10,000 டாலர் பரிசு அறிவித்தார்கள். அதன் தூண்டுதலில் ஜான் வெஸ்லி ஹயட் என்பவர் 1870-இல் செல்லுலாய்டுக்கு உரிமம் வாங்கினார். அதில் சேருகிற முக்கியச் சரக்கு நம் பூஜைச் சூடம்தான். பழைய சீப்பு, பொம்மை, ஆர்மோனியக் கட்டையின் மேல்தகடு இவற்றில் செல்லுலாய்டு இருக்கக்கூடும்.

துண்டைக் கட்டைவிரலால் அழுத்திச் சூடேறும்வரை தேயுங்கள். சூட வாசனை வந்தால் அதை லேத்துக்குக் கொடுக்காதீர்கள். கடையும் சூட்டிலேயே அதன் சுருள் குப்பென்று பற்றிக்கொள்ளும். தீக்குச்சி கிழித்துச் சோதிக்கிற வேலையும் வேண்டாம்.

பொருத்துவது எப்படி?

வெறும் பசையை நம்பாதீர்கள். குமிழின் அடியில் சின்ன முளை விட்டுக் கடைந்து, மூடியில் அதற்கேற்ற துளை போட்டு, இரண்டு பக்கமும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரட்டை ட்யூப் பசை தடவிச் செருக வேண்டும். ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். அக்ரிலிக் வகைகளை வாட்டர் பேப்பரில் 400, 800, 1200 என்று நைஸாக்கிக்கொண்டே போய், கடைசியில் ஈரத்துணியில் பற்பசை தொட்டுத் தேய்த்தால் கண்ணாடிபோல் மின்னும்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டில்

இளம் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அம்பாசமுத்திரம் மரச் சொப்பு மாதிரி விளையாட்டுச் சாமான் கடைகிறவர்களுக்கு, அதிலும் ஒரு வெள்ளைக் குமிழ் வைத்தால் என்ன என்று ஆசை வரும். மூன்று வயது ஆகாத குழந்தை கையில் கொடுக்கிற எதிலும் இப்படி ஒட்டுவேலை கூடாது. சுமார் 3.2 சென்டிமீட்டர் அகலமுள்ள குழாய்க்குள் நுழைகிற எந்தத் துண்டும் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது. நம் குமிழோ அதில் பாதிகூட இல்லை! பெரும்பாலான பிளாஸ்டிக் எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது. கிலுகிலுப்பை கடைந்தால் ஒரே மரத்தில், ஒட்டு இல்லாமல் கடையச் சொல்லுங்கள்.

எதையாவது விழுங்கிவிட்டுக் குழந்தை திணறினால், உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் விரலை விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே போய்விடும். முதுகில் தட்டி வெளியே எடுக்கிற முறையை டாக்டரிடமோ நர்ஸிடமோ இப்போதே கேட்டுப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் புத்தகம் புரட்ட முடியாது.

தூசியும் பொல்லாதது. கடையும்போது மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் வேண்டும். குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து வேடிக்கை காட்டக் கூடாது. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கடைந்த சட்டையோடு குழந்தையைத் தூக்குவது எங்கள் வீட்டில் தடை!

ஒரு பிஸ்கட் டப்பாவை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள். கிடைத்த துண்டை அதில் போடும்போதே எங்கே வாங்கியது, என்ன சாமான் என்று சீட்டில் எழுதிச் சுற்றிப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்தால் எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். டப்பாவை மேல் பரணில் வையுங்கள், சின்னக் கைகளுக்கு எட்டாத உயரத்தில்.