நகரின் கணக்கும் கரையின் கணக்கும்

துறைமுகங்களுக்கும் முதுமை உண்டு. கொள்கலக் கப்பல்கள் பெருகியபின், உலகின் பழைய துறைகள் பலவற்றில் பண்டகசாலைகள் வெறிச்சோடின. அவ்விடங்களை மக்கள் வாழும் நகர்ப்பகுதிகளாக்குவது இன்று பல நாடுகளிலும் நடைபெறும் முயற்சி. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 157 ஹெக்டேயர் பழைய துறைமுகப் பரப்பு, இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் அவ்வாறு மாறி வருகிறது. வெள்ளத்துக்கு அஞ்சி, அங்கே கட்டடங்களை மேடாக்கிய நிலத்தில் எழுப்புகின்றனர்.

நம் நாட்டில் இதனோடு ஒப்பிடத்தக்கது கொழும்புத் துறைமுக நகர். எனினும் ஹாம்பர்க்கில் இருந்த நிலம் திருத்தப்பட்டது. கொழும்பிலோ கடல் தூர்க்கப்பட்டது. 2014 செப்டெம்பரில் தொடங்கி, 2015 இல் இடைநின்று, 2016 இல் மீண்டும் தொடர்ந்த வேலையினால் 269 ஹெக்டேயர் கடல் தரையாயிற்று. அதற்கென மணல் கடலடியிலிருந்து அள்ளப்பட்டபோது நீர்கொழும்பு மீனவர் எதிர்த்துக் குரலெழுப்பினர்.

இத்தகைய நகர்களை 'நிலைபேறானவை' என்கின்றனர். பூங்காக்களும் நடைபாதைகளும் நல்லனவே. ஆனால் நகருக்கு ஒளி வேண்டும். அதன் கழிவும் எங்கேனும் சேரவேண்டும். தலைநகரின் ஒளியும் கழிவும் செல்லும் வழியைப் பின்தொடர்வோமாயின், புத்தளத்தை அடுத்த தில்லையடியின் அயலுக்கே வந்துசேர்வோம்.

புத்தளக் களப்புக்கு மேற்கே, கற்பிட்டிக் குடாநாட்டில், நிலக்கரியை எரித்து 900 மெகாவாட் மின்னாக்கும் நுரைச்சோலை நிலையம் நிற்கிறது. மின்சாரம் நாடெங்கும் செல்கிறது. சாம்பலும் புகையும் இக்கரையினருக்கு. வடக்கே அறுவக்காட்டில், சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த பள்ளங்கள் உள்ளன. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் கொழும்பின் குப்பையை ஏறத்தாழ 170 கிலோமீற்றர் அப்பால் அறுவக்காட்டில் கொட்டும் திட்டம் விரைவுபெற்றது. புத்தளத்து மக்கள் 2018 இல் வாரக்கணக்காக அறப்போர் நடத்தினர். ஆயினும் 2019 ஆகஸ்டில் குப்பை வந்தது.

"குப்பை எங்கேனும் சேரத்தானே வேண்டும்?" என்பாருளர். உண்மையே. மீதொட்டமுல்லையில் இறந்தோரும் ஏழைகளே; அவர்கள் தலைமேல் மீண்டும் மலை குவிக்க எவரும் கூறார். ஆனால் ஓர் ஏழைக் குடியிருப்பின் சுமையை மற்றோர் ஏழைக்கரைக்கு மாற்றுவது தீர்வாகுமா? கழிவைத் தோன்றும் இடத்திலேயே தரம்பிரித்து, மக்குவதை உரமாக்கி, எஞ்சியதை மட்டும் வெளியே அனுப்புவதன்றோ முறை?

புத்தளமும் ஒரு பழந்துறை. 1344 இல் இப்னு பதூதா வந்திறங்கிய இடம் இதுவென்பர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்குத் தங்க இடமளித்த ஊர்களுள் தில்லையடியும் ஒன்று. அகதிகளை ஏற்ற ஊருக்கு, கேளாமலே கழிவையும் அனுப்புவது நன்றியாகாது.

ஆகவே, கடற்கரை நகர்கள் எழட்டும். கூடவே தம் கணக்கையும் வெளியிடட்டும். வெயிலாலும் காற்றாலும் பெறும் மின் எவ்வளவு, எல்லைக்குள்ளேயே தீர்த்த கழிவு எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் அறிவிக்கட்டும். அக்கணக்கைச் சரிபார்க்கும் அவையில் புத்தளத்து மீனவருக்கும் ஓர் இருக்கை வேண்டும். நிலைபேறு என்னும் சொல்லுக்கு அன்றே பொருள் உண்டாகும்.