டிராகனாக விளையாட ஆசையா? முதலில் குட்டி டிராகனாக இருக்கணும்!

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் சிறுவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவார்களே, அதுதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவில் 1974-ல் வெளியான விளையாட்டு. இதன் 2024 விதிப்புத்தகத்தில், வீரர்கள் தேர்வு செய்யக்கூடிய 10 இனங்களில் ஒன்றாக 'ஓர்க்' இடம்பிடித்திருக்கிறது. பல காலமாக வீரர்கள் வெட்டிச் சாய்த்த ராட்சதக் கூட்டம் அது!

ராட்சதனாக விளையாடினால் என்ன பிரச்னை?

எல்லோரும் வழக்கமாக முதல் லெவலில் தொடங்குவார்கள். அதில் ஒருவருக்கு மட்டும் சிறகு இருந்தால்? பள்ளம், மதில், ஆறு எதுவும் அவரைத் தடுக்காது. கதையை நடத்தும் 'டன்ஜன் மாஸ்டர்' யோசித்து வைத்த தடைகள் வீண். மற்றவர்கள் சும்மா வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

லெவலைக் குறைத்தால் சரியாகிடுமா?

2003-ல் வந்த 3.5 பதிப்பு அதைத்தான் செய்தது. 'ட்ரௌ' எனும் பாதாள எல்ஃப் இனத்துக்கு விலை 2 லெவல். மற்றவர்கள் 5-ம் லெவலில் இருக்கும்போது, ட்ரௌ மந்திரவாதி 3-ம் லெவல்தான். நண்பர் 'ஃபயர்பால்' நெருப்புக் குண்டு வீசுவார். இவருக்கு அந்த மந்திரமே இன்னும் கிடைத்திருக்காது. அடி தாங்கும் புள்ளிகளும் குறைவு. பலசாலி என்று நம்பிச் சேர்ந்தவர், சண்டையில் முதல் ஆளாக விழும் நிலை!

மதிப்பெண்ணைக் குறைத்தால்?

2016-ல் வந்த 'வோலோஸ் கைடு டு மான்ஸ்டர்ஸ்' புத்தகம் ஓர்க்குக்கு அறிவில் 2 புள்ளிகளையும், கோபோல்டுக்கு வலிமையில் 2 புள்ளிகளையும் வெட்டியது. இங்கதான் விவகாரம் வேறு பக்கம் திரும்பியது. ஒரு இனமே பிறப்பிலேயே அறிவு குறைந்தது என்று எழுதலாமா என்ற விமர்சனம் வலுத்தது. 2020-ல் இரண்டு வெட்டுகளும் நீக்கப்பட்டன.

இப்போது என்ன வழி?

சக்தியை அளவாக, தாமதமாகக் கொடுப்பது. பறவை இனமான 'அராகோக்ரா' முன்பு ஒரு சுற்றில் 50 அடி பறக்கும். 2022-ல் அது நடக்கும் வேகத்துக்குச் சமமாக, 30 அடியாகக் குறைக்கப்பட்டது. 2024 புத்தகத்தில் 'டிராகன்பார்ன்' இனத்துக்குச் சிறகு முளைப்பது 5-ம் லெவலில்தான். அதுவும் 10 நிமிடம் மட்டும். மறுபடி பறக்க, நீண்ட ஓய்வு எடுத்தாகணும். அந்த லெவலில் மந்திரவாதிகளும் 'ஃப்ளை' மந்திரத்தால் பறக்கலாம் என்பதால் யாருக்கும் வருத்தமில்லை.

சொல்லப்போனால் இது பழைய யோசனைதான். 1974-ன் முதல் புத்தகமே டிராகனாக விளையாட அனுமதித்தது. ஒரே நிபந்தனை: சின்னதாகத் தொடங்கி, மற்றவர்களோடு சேர்ந்தே வளரணும்.