மொக்கை உளி... மெலிஞ்ச பர்ஸ்!

கேம்பஸ் மக்களே! 'மொக்கை'ங்கிற வார்த்தையை நாம எதுக்கெல்லாம் செலவு பண்றோம்? மொக்கைப் படம், மொக்கை ஜோக், திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் பீரியட்... ஆனா அந்த வார்த்தைக்குப் பழைய அர்த்தமே கூர் இல்லாததுன்னுதான். ஃபர்ஸ்ட் இயர் கார்பென்ட்ரி லேப்ல டி-ஜாயின்ட் செதுக்கின யாருக்கும் இதை விளக்கவே வேண்டாம். கொட்டாப்புளியால ஓங்கி அடிச்சா, உளி மரத்தை வெட்டாது, கடிச்சுப் பிய்க்கும். எத்தனை பேட்ச் சீனியர்களைப் பார்த்த உளியோ, பாவம்!

லேப்ல அதைச் சகிச்சுக்கலாம். மார்க் ரெக்கார்டுக்குத்தான், உளிக்கு இல்லை. ஆனா சொந்தக் காசுல மரவேலை ஆரம்பிச்சா கதையே வேற. எங்க ஹாஸ்டல்ல ஆறு பேர் சேர்ந்து ஞாயித்துக்கிழமைகள்ல மரம் அறுக்கறோம். காலேஜ் பக்கத்துல ஒரு மாலை நேரப் படிப்பு மையம் இருக்கு. பசங்க தரையில உட்கார்ந்து, முதுகு வளைஞ்சு எழுதறாங்க. மடிக்கு மேல வெச்சு எழுதற மாதிரி சின்னச் சாய்வு மேசை எட்டு செஞ்சு தர்றதா ஒத்துக்கிட்டோம். அஞ்சு முடிஞ்சப்போ கையில மிச்சம் 1,500 ரூபாய். மரம், ஸ்க்ரூ, வார்னிஷ் எல்லாம் சேர்த்து ஒரு மேசைக்கு 450. மூணு மேசைக்கு 1,350. அந்த நேரம் பார்த்து நாலு உளியும் இழைப்புளி பிளேடும் ஒண்ணா மொக்கை ஆச்சு. கூர் தீட்ட ஏதாவது வாங்கியே ஆகணும். எதை வாங்கறது? வாங்கினா மூணு மேசைக்கும் காசு தேறுமா?

"அப்படியே ஓட்டிடலாம் மச்சி"ன்னு ஒருத்தன் சொன்னான். ஓட்ட முடியாது. கூரான உளியை விட மொக்கை உளிதான் கையைப் பதம் பார்க்கும். கூரா இருந்தா லேசாத் தள்ளினாலே சீவல் சுருண்டு வரும். மொக்கைன்னா உடம்பு வெயிட்டையே போட்டுத் தள்ளணும். அது சட்டுன்னு வழுக்கினா, எதிர்ல மரத்தைப் பிடிச்சிருக்கிற கை என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

சரி, கூர்னா என்ன? ரெண்டு வழுவழு தளங்கள் ஒரே கோட்டுல சந்திக்கறது. அவ்வளவுதான் ஜியாமெட்ரி! ஒண்ணு, நாம எப்பவும் தீட்டற சரிவு முகம். இன்னொண்ணு, உளியோட தட்டை முதுகு. இந்த ரெண்டாவது ஆசாமியை யாரும் கண்டுக்கறதில்லை. முதுகுல கோடும் குழியுமா இருந்தா, சரிவை எத்தனை மணி நேரம் தேய்ச்சாலும் கூர் ரம்பப் பல் மாதிரிதான் இருக்கும். முழு முதுகும் வேண்டாம், நுனியிலேர்ந்து ஒரு இன்ச் கண்ணாடி மாதிரி ஆனா போதும். ஒரு உளிக்கு இதை ஒரு தடவை செஞ்சா கிட்டத்தட்ட ஆயுசுக்கும் ஆச்சு.

சரிவோட கோணம் பொதுவா 25 டிகிரி. நுனியில மட்டும் மெல்லிசா 30 டிகிரி வெச்சா, ஒவ்வொரு தடவையும் அந்த மெல்லிய பட்டையைத் தேய்ச்சா போதும். காசும் மிச்சம், கையும் மிச்சம். கோணத்தை அளக்கப் புரொட்ராக்டரைத் தேடாதீங்க. சைன் 30 அரைதானே? உளி 4 மி.மீ. தடிமன்னா, சரிவு 8 மி.மீ. நீளம் இருந்தா 30 டிகிரி, சுமார் 9.5 மி.மீ. இருந்தா 25 டிகிரி. ப்ளஸ் டூவுல மனப்பாடம் பண்ணின டேபிள் இதுக்காவது உதவட்டும்!

இப்போ ஷாப்பிங். (விலையெல்லாம் எங்க ஊர்க் கடைகள்ல நாங்க கேட்டது. உங்க ஊர்ல முன்னே பின்னே இருக்கும்.)

இருக்கிறதுலேயே சீப், உப்புத்தாள். மரத்துக்குத் தேய்க்கிற காக்கி கலர் தாள் இல்லை. கார் பெயின்ட் கடையில கிடைக்கிற, தண்ணி பட்டாலும் கிழியாத கறுப்புத் தாள். ஷீட் 20 ரூபாய். அதைத் தட்டையான கண்ணாடி மேல ஒட்டித் தேய்க்கிற முறைக்கு 1990-கள்ல அமெரிக்க மரவேலைக்காரங்க வெச்ச பேரு 'ஸ்கேரி ஷார்ப்'. பயமுறுத்தற கூர்! பேர்தான் பில்டப், மேட்டர் சிம்பிள். பி400, பி1000, பி2000 மூணு நம்பர் போதும். நம்பர் ஏற ஏற மணல் பொடிசாகும். பி400-ல ஒரு துகள் சராசரியா 35 மைக்ரான், பி1000-ல 18, பி2000-ல 10. ஒவ்வொரு தாளும் முந்தின தாள் போட்ட கீறலைத் தேய்ச்சு அழிக்கும். நடுவுல ஒண்ணைத் தாண்டிக் குதிச்சா, பழைய கீறல் அப்படியே நிக்கும்.

கண்ணாடி கூட வாங்க வேண்டாம். புது வீடு கட்டற இடத்துல மிஞ்சின தரை டைல்ஸ் ஒண்ணு கேட்டா சும்மாவே தருவாங்க. இல்லைன்னா சமையல் மேடைக்கு அறுத்து மிச்சமான கிரானைட் துண்டு. மேல ஸ்டீல் ஸ்கேலை நட்டமா நிறுத்திப் பாருங்க. அடியில வெளிச்சம் தெரியலைன்னா ஓகே. தண்ணி தெளிச்சாலே தாள் ஒட்டிக்கும். ஒரே கண்டிஷன்: உளியை உங்க பக்கம் இழுக்கணும், முன்னாடி தள்ளக்கூடாது. தள்ளினா தாள் கிழியும். தாள் சீக்கிரம் தேயும்ங்கிறதுதான் இதோட பெரிய மைனஸ். சீப்பா உள்ளே விட்டுட்டு, வாரா வாரம் வசூல் பண்ற ஆள் இது.

அடுத்தது நம்ம ஊர் கார்பென்டர் பையில எல்லாம் இருக்கிற கார்போரண்டம் கல். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறு பக்கம் நைஸ். 250 ரூபாய். இதுக்கு ஒரு சூப்பர் ஃப்ளாஷ்பேக் உண்டு. 1891-ல அமெரிக்காவுல எட்வர்ட் அச்சிசன்னு ஒருத்தர் களிமண்ணையும் கரித்தூளையும் ஒண்ணாப் போட்டு கரன்ட் பாய்ச்சி வைரம் செய்யப் பார்த்தார். வைரம் வரலை, சிலிக்கான் கார்பைடு வந்தது! கார்பனும் 'கொரண்டம்'ங்கிற தாதுவும் கலந்து வந்ததுன்னு நினைச்சு 'கார்போரண்டம்'னு பேர் வெச்சார். அந்தக் கொரண்டம்ங்கிற வார்த்தை எங்கேருந்து போச்சு தெரியுமா? நம்ம தமிழ்க் 'குருந்தம்'தான்னு இங்கிலீஷ் அகராதிகளே சொல்லுது. சென்னையில கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனி 1954-ல ஆரம்பிச்சது, திருவொற்றியூர்ல ஆலை. ஆக, பேர் ஒரு ரவுண்டு உலகம் சுத்திட்டு வீட்டுக்கே வந்திருக்கு.

இந்தக் கல்லோட குறை, நைஸ் பக்கம் கூட அவ்வளவு நைஸ் இல்லை. அதுக்குத்தான் வார். பழைய நிஜத் தோல் பெல்ட்டை ஒரு பலகையில ஒட்டி, பாத்திரம் பாலிஷ் போடறவங்க யூஸ் பண்ற பச்சை சோப்பைத் தடவினா ரெடி. அதுல இருக்கிறது குரோமியம் ஆக்சைடு, மைக்ரான் அளவே வராத பொடி. பெல்ட் ரூம்மேட் உபயம். சோப்பு 100 ரூபாய். கல்லும் வாரும் சேர்த்து 350. (ரெக்சின் பெல்ட் வேலைக்கு ஆகாது. ரூம்மேட்டை நல்லா விசாரிச்சுக்கங்க.)

வைரத் தகடு, ரெண்டு பக்கம் உள்ளது, 1,200 ரூபாய். சீக்கிரம் வெட்டும், குழி விழாது. ஜப்பான் தண்ணிக்கல் அருமையா தீட்டும், ஆனா ஆயிரக்கணக்குல விலை, தவிர சீக்கிரம் குழி விழும். ஸ்வீடன்காரங்களோட டோர்மெக் மெஷின்ல கல் தண்ணித் தொட்டிக்குள்ள நிமிஷத்துக்கு 90 சுத்துதான் சுத்தும், உளி சூடாகவே ஆகாது. பார்த்து ரசிச்சுட்டு நகர்ந்தோம்.

காலேஜ் ஒர்க்ஷாப்ல பெஞ்ச் கிரைண்டர் சும்மாதானே இருக்குன்னு கேக்கறீங்களா? அது நிமிஷத்துக்கு 2,800 சுத்து. அசந்தா நுனி நீலமாயிடும். மெட்டலர்ஜி கிளாஸ்ல தூங்காதவங்களுக்குத் தெரியும்: கார்பன் ஸ்டீல் நீலமாச்சுன்னா 300 டிகிரி கிட்ட போயிட்டு வந்திருக்குன்னு அர்த்தம். பதம் காலி. நுனி உடைஞ்ச உளிக்கு மட்டும் கிரைண்டர், அதுவும் ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை தண்ணியில முக்கி.

எங்க காலேஜ் மெயின்டெனன்ஸ் வேலைக்கு வர்ற கார்பென்டர் அண்ணன்கிட்ட ஒரு ஒப்பீனியன் கேட்டோம். அவர் கல் நடுவுல குழி விழுந்து தொன்னை மாதிரி இருக்கும். ஆனா குழியைத் தொடாம, ஓரத்துலேயே உளியை ஓட்டி, முழங்கை முடியைச் சிரைச்சுக் காட்டுவார்! "இந்தக் கல்லே போதும்"னு சொல்லப்போறார்னுதான் நாங்க எதிர்பார்த்தோம். "நான் அடுத்த மாசம் வைரத் தகடு வாங்கப்போறேன் தம்பி"ன்னார். ஏன்ணே? "நான் தீட்டற நேரத்துக்கு யாரு கூலி தர்றா?"

ரூமுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாள் கூலி 1,000, வேலை எட்டு மணி நேரம்னு வெச்சா, நிமிஷம் ரெண்டு ரூபாய். தகடு தினமும் அஞ்சு நிமிஷம் மிச்சம் பண்ணினா பத்து ரூபாய். 120 வேலை நாள்ல தகட்டு விலை வசூல், அதுக்கப்புறம் எல்லாம் லாபம். அவருக்கு அதுதான் சீப்.

நமக்கு? ஞாயித்துக்கிழமை நேரத்துக்கு யாரும் காசு தர்றதில்லை, தீட்டறதும் வாரம் ஒரு தடவைதான். ஒரு உப்புத்தாள் ஷீட்டை நாலு பட்டையா வெட்டினா பட்டை அஞ்சு ரூபாய். மூணு நம்பருக்கும் ஒவ்வொரு பட்டை, அஞ்சு கருவியும் தீட்ட வாரம் 15 ரூபாய். கல்லும் வாரும் 350. எக்கனாமிக்ஸ் பேப்பர்ல வர்ற அதே பிரேக் ஈவன் பாயின்ட்தான்: 350-ஐ 15-ஆல வகுத்தா, 24-வது ஞாயித்துக்கிழமையிலேர்ந்துதான் கல் லாபம். எங்க மூணு மேசைக்கு மேசைக்கு ரெண்டு வாரம்னு மொத்தம் ஆறே வாரம்! அதுக்கு ஆறு ஷீட் போதும், 120 ரூபாய். 1,500-ல மூணு மேசையும் ஆச்சு, 30 ரூபாய் மிச்சம். கல் வாங்கியிருந்தா மிஞ்சற 1,150-ல ரெண்டு மேசைதான். ஒரு பொண்ணோ பையனோ தரையிலேயே குனிஞ்சிருக்கணும். வைரத் தகடுன்னா ஒரு மேசை கூட இல்லை. டீம்ல ஒருத்தன் "குவாலிட்டி மச்சி, குவாலிட்டி!"ன்னு தகட்டுக்குக் கடைசி வரைக்கும் ஃபைட் பண்ணினான். தகடு நல்ல சாமான்தான். எட்டாவது மேசைக்கு மரம்தான் இல்லை.

மேசை எட்டும் போய்ச் சேர்ந்தாச்சு. ஞாயிறு வேலை நிக்கப்போறதில்லைன்னு தெரிஞ்சதால, இந்த செமஸ்டர் கலெக்ஷன்ல முதல் செலவா கல்லும் பச்சை சோப்பும் வாங்கினோம். மிஞ்சின உப்புத்தாளும் வேஸ்ட் இல்லை. டைல்ஸ் மேல பி400 வெச்சுக் கல்லைத் தேய்ச்சா, கல்லோட குழி சரியாகும். அதனால நீங்களும் கடைக்குப் போறதுக்கு முன்னாடி இன்னும் எத்தனை வாரம் உளியைத் தொடப்போறீங்கன்னு எண்ணிக்கங்க. ஒரு மினி புராஜெக்ட்தான்னா தாள். ரெண்டு, மூணு வருஷம்னா கல்லும் வாரும். இருபது பேர் கிளப்னா தகட்டைப் பத்தி யோசிக்கலாம்.

தீட்டறப்போ ஒரு விஷயம். சரிவைத் தேய்ச்சுட்டு, முதுகுப் பக்கம் நுனியை நோக்கி விரலை மெதுவா வெளியே ஓட்டிப் பாருங்க (கூர் மேல குறுக்கால இல்லை!). மெல்லிசா ஒரு பிசிறு தட்டுப்படும். இந்தக் கடைசியிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும் பிசிறு வந்தாதான் அடுத்த நம்பருக்குப் போகணும். வராம மாறினா தாள்தான் தண்டம். முடிச்சதும் நுனியை லைட்டுக்கு நேரா காட்டுங்க. வெள்ளைக் கோடு மின்னினா அந்த இடம் இன்னும் மொக்கை.

கறுப்புத் தண்ணியை ஹாஸ்டல் வாஷ்பேசின்ல ஊத்தி வார்டன்கிட்ட மாட்டிக்காதீங்க. உளியைத் துடைச்சு ரெண்டு சொட்டு எண்ணெய் தடவி வெச்சா துரு அண்டாது.

அடுத்த வாரம்: கை ரம்பத்துக்கு அரம் போடறது எப்படி? காதுல வைக்கப் பஞ்சு ரெடி பண்ணிக்கங்க!