'ஏ' வாங்கினாலும் ரேங்க் இறங்கும்!

இரண்டு வாரம் முன்னால் டாலஸ் பக்கம் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். செமஸ்டர் நடுவில் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்பதுதான் உண்மையான காரணம் :-)

தங்கை பத்தாவது படிக்கிறாள். அடுத்த வருஷத்துக்கான பாடங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். ஆறாவதிலிருந்து பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிப்பவள், பட்டியலில் ஆர்கெஸ்ட்ராவையே காணோம்.

"ஏம்மா, வயலின் என்னாச்சு?"

"எடுக்கலைண்ணா. எடுத்தா ரேங்க் இறங்கிடும்."

"ஏன், அதுல மார்க் வராதா?"

"வரும். 'ஏ' தான் வரும். அதான் பிரச்சினையே."

எனக்குப் புரியவில்லை. பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினாள். அவள் பள்ளியில் ஏ.பி. என்ற கடினமான பாடத்தில் 'ஏ' வாங்கினால் 5 புள்ளி. சாதாரணப் பாடத்தில் 'ஏ' வாங்கினால் 4 புள்ளி. ஏழு ஏ.பி. பாடத்திலும் 'ஏ' வாங்கினால் சராசரி, அதாவது ஜி.பி.ஏ., 5.0. எட்டாவதாக ஆர்கெஸ்ட்ரா எடுத்து அதிலும் 'ஏ' வாங்கினால் 39-ஐ எட்டால் வகுக்க வேண்டும். 4.875! எட்டாவது பீரியடில் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு 5.0. கூடுதலாக ஒரு பாடம் நன்றாகப் படித்ததற்குத் தண்டனை.

0.125-க்கு இவ்வளவு அலட்டலா என்று நம்மூரில் கேட்போம். டெக்ஸாஸில் கேட்க முடியாது. அரசுப் பள்ளியில் முதல் 10 சதவீதத்தில் வந்தால் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் என்று 1997ல் சட்டம் வந்தது. ஆஸ்டின் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் வரம்பு இன்னும் குறுகல். பல வருஷம் 6 சதவீதமாக இருந்தது, 2026ல் சேருபவர்களுக்கு 5 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். 600 பேர் படிக்கும் வகுப்பில் 30 பேர். போதாததற்கு, பள்ளியில் முதலாவதாக வருபவருக்கு மாநில அரசுக் கல்லூரியில் முதல் வருஷ டியூஷன் ஃபீஸ் கிடையாது.

இந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கோ ஒரு மூலையில் இருக்கும் ஏழைப் பள்ளிப் பிள்ளைக்கும் ஆஸ்டின் கதவைத் திறந்தது அதுதான். ஆனால் பாதிப் பேர் 'ஏ' வாங்கும் பணக்காரப் புறநகர்ப் பள்ளியில் அதே சட்டம் தசமப் புள்ளிச் சண்டையாகிவிடுகிறது. கோடை விடுமுறையில் அடுத்த வருஷக் கெமிஸ்ட்ரியை டியூஷனில் முழுசாக முடித்துவிட்டு, ஆகஸ்டில் 'புதுசாக' அதே பாடத்துக்கு வந்து உட்காருகிறார்கள். நம் ஆட்கள் இதில் கில்லாடிகள், சொல்லித் தர வேண்டுமா? ஒன்பதாவது பாடத்தை எட்டாவதிலேயே நடத்தும் ஊரிலிருந்து போனவர்கள்தானே! டியூஷனுக்குப் பணம் இல்லாத பிள்ளைக்குப் பாடம் அன்றுதான் ஆரம்பிக்கிறது. பள்ளி இலவசம், ரேங்க் இலவசமில்லை.

"அப்போ ரேங்க்கையே எடுத்துடலாமே" என்றால், தமிழ்நாட்டில் 2017ல் எடுத்துப் பார்த்தோம். பத்தாவது, பிளஸ் டூவில் மாநில முதலிடம் அறிவிப்பதை நிறுத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் அதே வருஷம் நீட் வந்தது, ஓட்டம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சீட் குறைவாக இருக்கும்வரை போட்டி ஏதோ ஒரு வாசல் வழியாக வரத்தான் செய்யும்.

அதனால் என் கட்சி இதுதான். சீட்டுக்கான வரிசை ஒன்று, பட்டமளிப்பு மேடையில் தரும் மரியாதை வேறொன்று. இரண்டையும் பிரியுங்கள். வாலிடிக்டோரியன் என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் 'விடை சொல்பவர்' என்றுதான் அர்த்தம், 'முதல் ரேங்க்' என்றில்லை. அந்தப் பட்டம் எனக்கு மட்டும்தான் வேண்டும் என்று 2003ல் நியூ ஜெர்சியில் ஒரு மாணவி கோர்ட்டுக்கே போனார். வட கரோலினாவின் வேக் மாவட்டம் 2019லிருந்து ஒற்றை முதலிடத்தை விட்டுவிட்டு, ஜி.பி.ஏ. 3.75 தாண்டினால் ஒரு மரியாதை, 4.0 தாண்டினால் அடுத்தது, 4.25 தாண்டினால் அதற்கும் மேல் என்று மாற்றியது. எத்தனை பேர் தாண்டினாலும் அத்தனை பேருக்கும் உண்டு. பக்கத்து சீட்காரி நன்றாகப் படித்தால் எனக்கு நஷ்டமில்லை. அவளுக்கு நோட்ஸ் கொடுக்கலாம்!

இன்னொன்று அதைவிடச் சுலபம். டெக்ஸாஸிலேயே சில மாவட்டங்கள் இசை, ஓவியம் போன்ற பாடங்களை ஜி.பி.ஏ. கணக்கில் சேர்ப்பதில்லை. ரேங்க் இருக்கும், வயலினும் இருக்கும். இதற்குச் சட்டம்கூடத் தேவையில்லை, பள்ளி மாவட்டம் மனது வைத்தால் போதும்.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "நீ சொல்றது சரிதான்டா. ஆனா ரூல் மாறுற வரைக்கும் இவ காத்துக்கிட்டு இருக்க முடியுமா? ஆஸ்டின் போச்சுன்னா?" என்றார். என்னிடம் பதிலில்லை. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நம் அப்பா அம்மாவும் அப்படித்தானே?

கிளம்பும்போது பார்த்தேன், வயலின் பெட்டி ஷூ ராக்குக்குப் பக்கத்தில் கிடந்தது. மேலே கால்குலஸ் டியூஷன் பை.

என் வகுப்பு மக்களே, பத்தாவதில் நீங்கள் எதை விட்டீர்கள்? எனக்கு கேரம் போர்டு. சிரிக்காதீர்கள், ஜோனல் வரை போனவன்!