கொல்ல நினைத்தவனும் கொல்ல நினைக்காதவனும்

1910-ம் வருடம், இங்கிலாந்து. வொயிட் என்ற மகன், தன் அம்மா குடிக்கவிருந்த பானத்தில் பொட்டாசியம் சயனைடு கலந்து வைத்தான். பிறகு பார்த்தால், அம்மா சோபாவில் இறந்து கிடக்கிறார். பக்கத்திலேயே அந்த கிளாஸ். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றுதானே கேட்கத் தோன்றுகிறது?

மருத்துவர்கள் சொன்னது வேறு. கலந்திருந்த விஷம் ஒரு உயிரைக் கொல்லப் போதாது; அம்மா இறந்தது பெரும்பாலும் இதயம் நின்றுபோனதால். அவன் விஷம் வைக்காமல் இருந்திருந்தாலும் அந்தச் சாவு நடந்திருக்கும். எனவே இது கொலை அல்ல, கொலை முயற்சி மட்டுமே என்று தீர்ப்பானது. அந்தக் காலத்தில் கொலைக்குத் தூக்கு. அவன் கழுத்து தப்பியது.

அடுத்தவர் விக்கர்ஸ். 1957-ல் கார்லைல் நகரில் ஒரு சின்னக் கடைக்குள் திருடப் புகுந்தார். மாடியில் குடியிருந்த வயதான பெண்மணி இறங்கி வந்து பார்த்துவிட்டார். விக்கர்ஸ் அவரை அடித்தார், உதைத்தார். பெண்மணி இறந்துபோனார். கொல்லும் எண்ணம் இருந்ததா என்று கோர்ட் தேடவே இல்லை. 'பலத்த காயம் உண்டாக்கும் எண்ணம் இருந்தாலே போதும், அது கொலைதான்' என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். அதே வருடம் ஜூலையில் டர்ஹாம் சிறையில் தூக்கு.

ஆங்கிலேயச் சட்டம் இந்த மனநிலைக்கு வைத்திருக்கும் பழைய பெயர் 'மாலிஸ் அஃபோர்தாட்'. அதாவது, முன்கூட்டியே நெஞ்சில் வைத்த வஞ்சம். பெயரை நம்பிவிடாதீர்கள்! வஞ்சமும் தேவையில்லை, முன்கூட்டியே திட்டமிடவும் தேவையில்லை. நோயில் துடிக்கும் மனைவியின் வேதனை தாங்காமல் கணவன் உயிரைப் போக்கினாலும் சட்டத்தின் கண்ணில் அது கொலையே.

இன்னொரு விசித்திர விதியும் இருந்தது. அடிபட்டவர் ஒரு வருடமும் ஒரு நாளும் தாண்டி இறந்தால் அது கொலை ஆகாது! சாவுக்குக் காரணம் எது என்று மருத்துவத்தால் உறுதியாகச் சொல்ல முடியாத காலத்து ஏற்பாடு. 1996-ல்தான் அதை நீக்கினார்கள்.

தூக்கு போய்விட்டது; இன்று கொலை என்றால் கட்டாய ஆயுள் தண்டனை. அதனால்தான் விக்கர்ஸ் விதி எனக்கு இன்னும் உறுத்துகிறது. கையை உடைக்க நினைத்தவனுக்கும் உயிரை எடுக்க நினைத்தவனுக்கும் ஒரே பெயர், ஒரே தண்டனை. கொலையை இரண்டு படிகளாகப் பிரிக்கலாம் என்று அங்குள்ள சட்ட ஆணையம் 2006-லேயே பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லை.